கேட்காமல் கொடுத்த மாத்திரை

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், கப்பல் செய்ய அருமையான தாள். மெல்லிசாக இருக்கும், ஆனால் சட்டென்று கிழியாது. தண்ணீரில் விட்டால் கொஞ்ச நேரமாவது மிதக்கும். எங்கள் மருந்துக்கடைக்கு முன்னால் ஓடும் மழைத்தண்ணீரில் நான் விட்ட கப்பல்களுக்குக் கணக்கே இல்லை. 1980-களின் நடுப்பகுதி அது. அப்பா பெட்டியைப் பிரித்து, மாத்திரை ஸ்ட்ரிப்புகளை மட்டும் கண்ணாடி அலமாரியில் அடுக்குவார். தாளை என்னிடம் தந்துவிடுவார். வாங்க வருகிறவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. இங்கிலீஷில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. யார் படிப்பது?

அந்தத் தாள்களில் ஒன்றுக்கு மட்டும் தனியாக ஒரு வரலாறு உண்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. கருத்தடை மாத்திரைப் பெட்டியில் இருக்கும் தாள் அது. அதன் வரிகளுக்குப் பின்னால் பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெயர் தெரியாத பெண்கள். அந்த வரிகளில் ஒன்றை யாரும் படிக்காததால் எங்கள் வீட்டில் ஒருத்திக்கு இடது கை போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சித்தி

1994. சித்திக்கு அப்போது முப்பத்துநாலு வயது. அம்மாவின் கடைசித் தங்கை, கூப்பிடு தூரத்தில் வீடு. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அவளுக்குப் பெரும்பாடு. பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நிற்காமல் போகும். ஒரு டாக்டர் மூன்று மாதத்துக்குக் கூட்டுக் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கேட்டது. முகத்தில் ரத்தம் ஊறியது. அதனால் மூன்று மாதம் எட்டு மாதம் ஆயிற்று. சீட்டை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. "அத்தான், அந்த மாத்திரை ஒண்ணு" என்பாள். அப்பா பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்.

சித்திக்குச் சின்ன வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. வலி வருவதற்கு முன்னால் கண்ணில் ஒரு கோலம் தெரியும் என்பாள். "வளைஞ்சு வளைஞ்சு மின்னுது அத்தான், ஜிகினாத்தூள் போட்ட மாதிரி. அது இருக்குற பக்கம் எதுவும் தெரிய மாட்டேங்குது." மாதத்துக்கு ஒரு தடவை வந்தது, அந்த எட்டு மாதத்தில் வாரத்துக்கு ஒரு தடவை ஆயிற்று. அப்பா அதற்கும் மாத்திரை கொடுத்தார். ஒரே கல்லா, ஒரே கை. இந்த மாத்திரையும் அந்தத் தலைவலியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்று அவருக்கும் தோன்றவில்லை, எழுதிக் கொடுத்தவருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு காலையில் இட்லித் தட்டை எடுக்கப்போன சித்தியின் கையிலிருந்து தட்டு விழுந்தது. இடது கை தூக்க வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். பிழைத்துக்கொண்டாள். பேச்சு திரும்பியது, நடையும் திரும்பியது. இடது கை மட்டும் இன்றைக்கும் மடித்துவைத்த துண்டு மாதிரி மார்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே ஒரு இளம் டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். "தலைவலிக்கு முன்னாடி கண்ணுல ஏதாச்சும் தெரியுமா? கருத்தடை மாத்திரை ஏதும் சாப்பிடுறாங்களா?" அப்பாதான் பதில் சொன்னார். மாத்திரையால்தான் இது வந்தது என்று அந்த டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஒரு தனி ஆளின் விஷயத்தில் யாராலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த வகைத் தலைவலி இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையைத் தரவே கூடாது என்றார்.

"இது எப்பலேர்ந்து தெரியும் சார்?" என்று அப்பா கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். நான் பிற்பாடு பி.ஃபார்ம் படித்தேன். இன்றைக்கு அதே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த மாத்திரையின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

கிழங்கும் காசோலையும்

கூட்டு மாத்திரை என்றால் அதில் இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன என்று அர்த்தம். ஒன்று எஸ்ட்ரோஜன், மற்றது புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் ஒரு செயற்கைப் பொருள். இரண்டும் சேர்ந்து 'முட்டையை விடாதே' என்று மூளையையும் சினைப்பையையும் அடக்கி வைக்கின்றன. கர்ப்ப காலத்தில் உடம்பு தானே செய்கிற வேலைதான்.

இந்த ஹார்மோன்களை 1930-களில் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் விலங்குகளிடமிருந்து எடுக்க வேண்டியிருந்ததால் தங்கத்தைவிட விலை அதிகம். அமெரிக்க வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோவின் வெராக்ரூஸ் காடுகளில் விளையும் ஒரு காட்டுக் கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோன் செய்ய வழி கண்டுபிடித்தார். நம் ஊர் வள்ளிக்கிழங்கு, காவள்ளிக்கிழங்கு வகையறாதான் அது. 1944-இல் மெக்சிகோ நகரத்தில் சின்டெக்ஸ் நிறுவனம் தொடங்கியது. அங்கே கார்ல் ஜெராஸ்ஸியின் குழுவில் வேலை பார்த்த லூயிஸ் மிராமோன்டெஸ், 1951 அக்டோபர் 15 அன்று நாரெதிஸ்டிரோன் என்ற பொருளைச் செய்து முடித்தார். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. ஊசியாகப் போடாமல் வாய்வழி விழுங்கினாலே வேலை செய்யும் பொருள் அது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் நம் ஊர்த் திருவிழாவுக்கே வரப்போகிறது.

பொருள் கிடைத்துவிட்டது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் இரண்டு பெண்களின் பிடிவாதம் இருந்தது. மார்கரெட் சாங்கர் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் செவிலியாக இருந்தவர். 1916-இல் புரூக்ளினில் கருத்தடை ஆலோசனை மையம் திறந்ததற்காகச் சிறைக்குப் போனவர். கேத்தரின் மெக்கார்மிக் எம்.ஐ.டி.யில் உயிரியல் படித்த பணக்காரப் பெண்மணி. ஹார்மோன் ஆராய்ச்சியாளர் கிரகரி பின்கஸின் ஆய்வகத்தை 1953 ஜூனில் இருவரும் போய்ப் பார்த்தார்கள். மெக்கார்மிக் அப்போதே நாற்பதாயிரம் டாலருக்குக் காசோலை எழுதினார். பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார். அரசாங்கம் காசு தராத ஆராய்ச்சி இது. அது நடந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கருத்தடைப் பொருள் கொடுப்பதே குற்றம்.

சாங்கரின் காலத்திலேயே நம் பக்கமும் இந்தப் பேச்சு நடந்தது. கர்ப்பத்தடையைப் பற்றி எழுதிய பெரியார், மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் நாட்டுப் பொருளாதாரத்துக்காகவும் அதைக் கேட்கிறார்கள், தாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்பதாகச் சொன்னார். சாங்கரும் மெக்கார்மிக்கும் கேட்டதும் அதைத்தான். ஆனால் விடுதலைக்காகச் செய்த மாத்திரையை யார்மேல் சோதித்துப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

பதினேழு சதவீதம்

பின்கஸும், பாஸ்டன் பக்கத்து மகப்பேறு மருத்துவர் ஜான் ராக்கும் முதலில் ராக்கின் நோயாளிகளிடம் சோதித்தார்கள். வுஸ்டர் மனநல மருத்துவமனையில் இருந்தவர்களிடமும் சோதித்தார்கள். பெரிய சோதனைக்கு, கருத்தடைக்குச் சட்டத் தடை இல்லாத இடம் தேவைப்பட்டது. போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனார்கள். 1956 ஏப்ரலில், ரியோ பியெத்ராஸ் என்ற இடத்தில் ஏழைகளுக்குப் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளை போதும் என்று தவித்துக்கொண்டிருந்த பெண்கள் ஆசையாக வாங்கிக்கொண்டார்கள். இது கர்ப்பத்தைத் தடுக்கும் என்று சொன்னார்களே தவிர, இது சோதனை என்று சொல்லவில்லை.

அங்கே பொறுப்பில் இருந்தவர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் மருத்துவர். அவர் கணக்கெடுத்தார். மாத்திரை கர்ப்பத்தை முழுசாகத் தடுக்கிறது. ஆனால் 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வயிற்றுவலி, வாந்தி. எல்லாருக்கும் கொடுக்க முடியாத அளவுக்குத் தொந்தரவு இருக்கிறது என்று எழுதி அனுப்பினார். பின்கஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் மனப்பிரமை என்று நினைத்தார்.

மனப்பிரமை இல்லை. முதல் மாத்திரையான எனோவிட்டில் 9.85 மில்லிகிராம் நாரெதினோட்ரெல், 0.15 மில்லிகிராம் மெஸ்ட்ரனால் என்ற எஸ்ட்ரோஜன். அந்த எஸ்ட்ரோஜனை யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. தயாரிப்பில் கலப்படமாக வந்தது. சுத்தம் செய்து எடுத்துப் பார்த்தார்கள், பெண்களுக்கு நடுநடுவே உதிரம் பட்டது. சரி இருக்கட்டும் என்று அளவோடு திரும்பச் சேர்த்தார்கள். 'கூட்டு' மாத்திரை பிறந்தது அப்படித்தான். இன்றைக்கு நம் கடைகளில் கிடைக்கும் மாலா-டி போன்ற மாத்திரையில் எத்தினைல் எஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராம். முதல் மாத்திரையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பெண்களுக்கு வாந்தி வந்ததில் என்ன ஆச்சரியம்?

1957-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எனோவிட்டை மாதவிடாய்க் கோளாறுக்கு அனுமதித்தது. இதைச் சாப்பிட்டால் கருமுட்டை வெளிவராது என்றும் எச்சரித்தது. உடனே அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறு வந்துவிட்டது! 1960-இல் கருத்தடைக்கும் அனுமதி கிடைத்தது.

ஒரு கடிதம்

1961-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. எழுதியவர் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்த டபிள்யூ. எம். ஜோர்டன். எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்காக இந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஒரு செவிலிக்கு நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான்.

ஒரு ஆளுக்கு நடந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு ஆளைக் கவனித்துப் பார்த்தவர் கேட்டால்தான் நிரூபிக்கிற வேலையே ஆரம்பிக்கும். தாலிடோமைடு மருந்தின் கொடுமைக்குப் பிறகு பிரிட்டனில், மருந்தின் தீய விளைவுகளை மருத்துவர்கள் எழுதி அனுப்ப மஞ்சள் அட்டைத் திட்டம் 1964-இல் வந்தது. பில் இன்மேன், மார்ட்டின் வெஸ்ஸி, புகைபிடித்தலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டால் ஆகியோர் கணக்குப் போட்டார்கள். 1968-க்குள் சந்தேகம் தீர்ந்துவிட்டது. எஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. 1969 டிசம்பரில், 50 மைக்ரோகிராமுக்கு மேல் எஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லி பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. அமெரிக்கச் சந்தையிலிருந்து அப்படிப்பட்ட மாத்திரைகள் முழுசாகப் போக 1988 வரை ஆயிற்று.

1973-இல் அமெரிக்காவில் இளம்பெண்களுக்கு வந்த பக்கவாதத்தைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு வெளியானது. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மூளை ரத்தக் குழாய் அடைப்பு கூடுதல் என்றது. ஒற்றைத் தலைவலியைப் பற்றிய எச்சரிக்கைகள் அதை ஒட்டி வந்தன.

அப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான். சித்தியின் கையிலிருந்து தட்டு விழுவதற்கு இருபத்தொரு வருஷம் முன்னாலேயே ஆபத்து அச்சில் வந்துவிட்டது. நான் கப்பல் விட்ட தாளிலேயே அது இருந்திருக்கும்.

தாள் எப்படி வந்தது

அந்தத் தாளும் சும்மா வந்துவிடவில்லை. 1969-இல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர், மாத்திரையின் ஆபத்துகளை மருத்துவர்கள் பெண்களிடம் சொல்வதில்லை என்று ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த செனட்டர் கேலார்ட் நெல்சன் 1970 ஜனவரியில் செனட் விசாரணை நடத்தினார். சாட்சி சொல்ல வந்தவர்கள் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும். மாத்திரை சாப்பிட்டு அவதிப்பட்ட ஒரு பெண்ணைக்கூட அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் ஆலிஸ் வுல்ஃப்சனும் அவருடைய தோழிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் மாத்திரை சாப்பிட்டவர்கள். எழுந்து நின்று கத்தினார்கள். எங்களை ஏன் கூப்பிடவில்லை, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். காவலர்கள் வெளியேற்றினார்கள். தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது.

அந்த வருஷமே ஒவ்வொரு மாத்திரைப் பெட்டியிலும் பெண்களுக்கான தாள் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நோயாளியைப் பயமுறுத்தக்கூடாது, அது மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று மருத்துவர்களும் நிறுவனங்களும் எதிர்த்தார்கள். வாசகத்தை வெட்டிச் சுருக்கினார்கள். விவரமான தாள் 1978-இல்தான் வந்தது. நான் மழைத்தண்ணீரில் விட்டது, சில பெண்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கூச்சல் போட்டு வாங்கிய தாளின் வாரிசை. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

"இல்லம்மா, இங்க இல்ல"

சித்திக்கு அப்படி ஆன பிறகு அப்பா அந்த மாத்திரைகளை விற்பதையே நிறுத்திவிட்டார். யார் கேட்டாலும் "இல்லம்மா, இங்க இல்ல" என்பார். பாவத்தைக் கழுவுகிற மாதிரி.

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா மாதாமாதம் வாங்குவார். மூன்று பிள்ளை. ஆபரேஷனுக்குப் புருஷன் வீட்டில் விடவில்லை. கணவனுக்கும் தெரியாமல் சாப்பிட்டு வந்தார். அவரையும் அப்பா திருப்பி அனுப்பினார். டவுனுக்குப் போய் வாங்க அவருக்கு பஸ் காசும் இல்லை, வெளியே போக ஒரு சாக்கும் இல்லை. நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் வந்து, கல்லா முன்னால் நின்று, சத்தம் வராமல் கேட்டார்: "கலைக்கிறதுக்கு மாத்திரை இருக்கா அண்ணே?" அப்பா அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. அம்மா அந்த அக்காவைத் தானே கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனாள்.

அதே சமயம் இங்கிலாந்தில் ஒரு நாடே அப்பா செய்ததைச் செய்தது என்று பிற்பாடு படித்தேன். 1995 அக்டோபர் 18 அன்று, புது வகை மாத்திரைகளில் ரத்தக்கட்டு ஆபத்து 'இரண்டு மடங்கு' என்று பாதுகாப்புக் குழு அறிவித்தது. மருத்துவர்களின் கையில் கடிதம் கிடைப்பதற்குள் செய்தி தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. பெண்கள் பாதி ஸ்ட்ரிப்பிலேயே நிறுத்தினார்கள். அந்த 'இரண்டு மடங்கு' எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவர் என்று இருந்தது இரண்டு பேர் ஆனது. ஆனால் அடுத்த வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து எந்த மாத்திரையையும் விட அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இன்னும் பல மடங்கு அதிகம். பயந்து நிறுத்தியவர்களில் பலர், சின்ன ஆபத்திலிருந்து ஓடிப் பெரிய ஆபத்தில் விழுந்தார்கள்.

2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை தொகுத்த கணக்கு இது: வருஷத்துக்கு 10,000 பெண்களில், மாத்திரை சாப்பிடாதவர்களில் 2 பேருக்கு ரத்தக்கட்டு வரும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ள மாத்திரையில் 5 முதல் 7 பேர். டெசோஜெஸ்ட்ரெல், ட்ரோஸ்பிரினோன் போன்றவை உள்ள மாத்திரைகளில் 9 முதல் 12 பேர். பிரிட்டனில் 1968-இல் தொடங்கி 46,000 பெண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்கள் சீக்கிரம் இறந்துவிடவில்லை. மார்பகப் புற்றுநோய் ஆபத்து சாப்பிடும் காலத்தில் கொஞ்சம் கூடுகிறது, நிறுத்தியபின் குறைகிறது. சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்கள் குறைகின்றன, அந்தப் பலன் நிறுத்திய பிறகும் நீடிக்கிறது.

ஆக, மாத்திரை விஷமும் இல்லை, மிட்டாயும் இல்லை. அப்பா இரண்டு தடவை தப்பு செய்தார். முதலில் கேட்காமல் கொடுத்தார். அப்புறம் கேட்காமல் மறுத்தார்.

காலண்டர் அட்டை

ஓய்வுபெற்ற ஒரு அரசு டாக்டரம்மா எங்கள் தெருவில் இருந்தார். சத்துணவு அக்கா விஷயத்துக்குப் பிறகு அப்பா அவரிடம் போய் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல, பழைய தினசரிக் காலண்டரின் அட்டைப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அந்த அட்டை இன்னும் கல்லாவுக்குப் பின்னால், வாங்குகிறவர் கண்ணுக்குப் படாத இடத்தில் தொங்குகிறது.

"வயசு என்ன? பீடி சிகரெட் உண்டா?" முப்பத்தைந்து வயதுக்கு மேல் புகைப்பவருக்குக் கூட்டு மாத்திரை ஆகாது. நம்ம ஊர்ப் பொம்பளைங்க யார் பிடிக்கிறாங்க என்று அப்பா இதை எழுதத் தயங்கினாராம். "நடவுக்குப் போறவங்க பிடிக்கிறத நான் பாத்திருக்கேன், எழுதுங்க" என்றார் டாக்டரம்மா.

"பிரஷர் பாத்திருக்கீங்களா?" 140/90-ஐத் தாண்டினால் வேறு முறைதான் நல்லது. இதற்காகவே அப்பா ஒரு பிரஷர் கருவி வாங்கினார்.

"தலைவலி வருமா? வர்றதுக்கு முன்னாடி கண்ணுல மினுக்குதா?" இந்த வரியின் கீழே மட்டும் இரண்டு கோடு.

"கால்லயோ நெஞ்சுலயோ ரத்தம் உறைஞ்சதுன்னு உங்களுக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

"பிள்ள பொறந்து எத்தன நாள்? பால் குடுக்குறீங்களா?" பிரசவமான முதல் ஆறு வாரம் பால் கொடுப்பவருக்குக் கண்டிப்பாகக் கூடாது. ஆறு மாதம் வரை வேறு முறை நல்லது.

"மார்ல கட்டி, கல்லீரல் வியாதி, ரொம்ப நாள் சுகர்?"

"டிபி மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுறீங்களா?" டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு இந்த ஹார்மோன்களைச் சீக்கிரம் கரைத்துவிடும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கர்ப்பம் தங்கும். ஃபெனிட்டாய்ன், கார்பமசெபைன் போன்ற வலிப்பு மருந்துகளும் அப்படித்தான்.

"ஆபரேஷன், நாள் கணக்கா படுக்கை, எதுவும் வரப்போகுதா?"

ஒன்றுக்கு 'ஆமா' என்று பதில் வந்தாலும் அப்பா மாத்திரையைத் தரமாட்டார். 'இல்ல' என்றும் சொல்லமாட்டார். "டாக்டரம்மாவப் பாருங்க, உங்களுக்கு வேற நல்ல முறை இருக்கு" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார். 1996-இல் உலக சுகாதார நிறுவனம் எந்த நிலையில் எந்தக் கருத்தடை முறை ஆகும், ஆகாது என்று நான்கு படிகளாகப் பிரித்து ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. படிப்பு முடித்த பிறகு அதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். டாக்டரம்மா எதையும் விட்டுவிடவில்லை.

அட்டையின் கீழ்ப்பாதியில் சாப்பிடும் முறை. தினமும் ஒரே நேரத்தில். ஒன்று மறந்தால் ஞாபகம் வந்ததும் அதைச் சாப்பிட்டு, மீதியை வழக்கம்போல. இரண்டும் அதற்கு மேலும் மறந்தால் ஏழு நாள் ஆணுறையும் சேர வேண்டும். புது ஸ்ட்ரிப்பைத் தாமதமாக ஆரம்பிப்பதுதான் மோசமான மறதி. ஸ்ட்ரிப்பில் நாள் குறிக்கிற பழக்கமே ஒரு மறதியிலிருந்துதான் வந்தது. இல்லினாய்ஸைச் சேர்ந்த டேவிட் வாக்னர் என்ற பொறியாளர், மாத்திரை போட்டாயா என்று மனைவியைத் தினமும் கேட்டுச் சலித்து, 1962-இல் நாள் காட்டும் வட்டப் பெட்டி ஒன்றைச் செய்தார். நம் மாலா-டியின் கடைசி ஏழு இரும்புச்சத்து மாத்திரைகளும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான்.

கடைசி வரி சிவப்பு மையில். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இதுவரை வராத தலைவலி வந்தால், பார்வை மங்கினால், பேச்சு குழறினால், தாங்கமுடியாத வயிற்றுவலி வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டு ஆபத்து முதல் சில மாதங்களில்தான் அதிகம். விட்டு விட்டுத் தொடங்கினால் அந்த ஆபத்தும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்கும்.

திருவிழா மாத்திரை

தமிழ்நாட்டில் கருத்தடை என்றால் பெரும்பாலும் பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷன்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்கவே 37.9 சதவீதம் பெண் கருத்தடை ஆபரேஷன், மாத்திரை 5.1 சதவீதம். ஆனால் என் கடையில் ஹார்மோன் மாத்திரை போகாத நாளே இல்லை. பிசிஓஎஸ்ஸுக்கு, முகப்பருவுக்கு, ஒழுங்கில்லாத மாதவிடாய்க்கு என்று சீட்டு வருகிறது. கருத்தடை என்று யாரும் சொல்வதில்லை. அதனாலேயே கருத்தடை மாத்திரைக்குக் கேட்க வேண்டிய கேள்விகளையும் கேட்பதில்லை. சித்திக்கு நடந்தது அதுதானே.

ஆடி வந்தால் இன்னொரு கூட்டம் வரும். "அக்கா, தேதி தள்ளிப்போற மாத்திரை. தீமிதி வருது." அது நாரெதிஸ்டிரோன். மெக்சிகோவில் மிராமோன்டெஸ் செய்த அதே பொருள். இதில் எஸ்ட்ரோஜன் இல்லையே என்று நினைப்போம். ஆனால் தேதி தள்ளிப்போடக் கொடுக்கும் அளவில், அதன் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் எத்தினைல் எஸ்ட்ரடயாலாக மாறுகிறது. அதனால் அந்தப் பெண்களிடமும் அட்டையைப் பார்த்துத்தான் கேட்கிறேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். "ஒரு மாத்திரைக்கு இவ்ளோ விசாரணையா?" ஒரு பையன் யாருக்கோ வாங்க வந்தால், அவளையே போன் போடச் சொல்லுவேன்.

போன வருஷம் அப்படி வந்த ஒரு கல்லூரிப் பெண், மூன்றாவது கேள்வியில் தயங்கினாள். "கண்ணுல மினுக்கும் அக்கா. அது தலைவலிதானே?" பக்கத்தில் ஸ்டூலில் சித்தி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்தில் கடைக்கு வந்து கொஞ்ச நேரம் இருப்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"எந்தப் பக்கம் மினுக்கும் கண்ணு? வளைஞ்சு வளைஞ்சா?"

அந்தப் பெண் மாத்திரை வாங்காமல், டாக்டர் பெயர் எழுதிய சீட்டோடு போனாள். சித்தி வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.